சத்திரத்துக்கும் ஒரு பேரேடு உண்டு

மாண்புமிகு மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் உள்ள பெயர்தான். உள்ளே நடப்பது பெரும்பாலும் பாரம் நிரப்பும் வேலை. பாஸ்போர்ட், ஆதார் திருத்தம், கல்லூரி விண்ணப்பம், மலேசியா போகிறவனுக்கு எமிக்ரேஷன் பதிவு, இப்படி. இந்தத் தேசத்துக்குள் யார் வரலாம், இதைவிட்டு யார் போகலாம் என்று நீங்கள் டெல்லியில் பேசி முடித்தால், அது கடைசியில் என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டமாக வந்து நிற்கும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்ற உரிமையில் இந்த மடல்.

2025 மார்ச் 27 அன்று குடியேற்றம், வெளிநாட்டவர் மசோதா மக்களவையில் விவாதத்துக்கு வந்தது. செல்போனில் அதை ஓடவிட்டுக்கொண்டே ரேஷன் கார்டுகளுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். உள்துறை அமைச்சர் பேசும்போது, தேசம் ஒன்றும் தர்மசாலா அல்ல என்றார். வளர்ச்சிக்குத் தோள் கொடுக்க வருகிறவர்களுக்கு வரவேற்பு உண்டு என்றும் சொன்னார், அதை மறைக்கவில்லை. ஆனால் மறுநாள் எல்லார் வாயிலும் இருந்தது தர்மசாலாதான். மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்திலும் அதே வார்த்தை வந்தது.

தர்மசாலா என்றால் எங்கள் பாஷையில் சத்திரம். அய்யா, அம்மா, நீங்கள் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் நான் லேமினேஷனைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். செட்டிநாட்டுக்காரன் காதில் சத்திரம் என்ற சொல்லை இளக்காரமாகப் போட்டால் எப்படி?

காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863 இல் ஏற்பட்டது. இந்தப் பொட்டல் காட்டிலிருந்து கிளம்பி, ரயில் சரியாக வராத காலத்தில், கங்கைக் கரையில் போய் வழிப்போக்கனுக்குத் திண்ணை போட்டவர்கள் எங்கள் ஊர் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அங்கிருந்து விசுவநாதர் கோயிலுக்குப் பூஜைப் பொருள் எடுத்துப் போகும் வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது. 2025 அக்டோபர் கடைசியில் அதே சத்திரத்தார் 60 கோடி ரூபாய் செலவில் 140 அறைகளோடு காசியில் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். திறந்து வைத்தவர் குடியரசுத் துணைத் தலைவர். அதாவது மாநிலங்களவையின் தலைவரே. மார்ச்சில் அவையில் ஏச்சு வாங்கிய சொல்லுக்கு அக்டோபரில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். குத்தலாகச் சொல்லவில்லை, எங்களுக்கு அது சந்தோஷமான நாள்தான். ஆனால் சத்திரம் என்றால் கேட்பாரற்ற இடம், யாரும் நுழையலாம், எவனும் படுக்கலாம் என்று நீங்கள் நினைத்திருந்தால் அது தப்பு என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

சத்திரத்துக்கு வாசல் உண்டு, மணியம் உண்டு, நோட்டு உண்டு. எந்த ஊர், யார் வீடு, எத்தனை பேர், என்றைக்கு வந்தார்கள், என்றைக்குப் புறப்படுகிறார்கள் என்று எழுதிவிட்டுத்தான் சாவி. நகரவிடுதிகளில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்றுகூடக் கேட்பார்கள். இளையாத்தங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா? நான் நகரத்தார் இல்லை. அப்படிச் சில விடுதிகளில் எனக்கு இடம் கிடைக்காது. அதனால் சத்திரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் நான் தயாரில்லை. கணக்கு வைத்திருந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

என் தாத்தா பர்மாவில் மோல்மேன் கிட்டங்கி ஒன்றில் சமையல்காரர். கிட்டங்கி என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும், உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்து வியாபாரம் பண்ணப் போன ஊரில் கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த நீள மண்டபம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், ஒரு பாய், முன்னால் ஒரு கணக்குப் பெட்டி. கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்தாள், கீழே பெட்டியடிப் பையன் என்று வரிசை. மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு. சமையலறை பொது.

அந்தச் சமையலறையில் தாத்தா தினமும் இலைக் கணக்கு எழுதுவார். இன்றைக்கு இலை 22, அதில் வெளியாள் 4 என்று. வெளியாள் என்றால் கப்பலில் வந்து இறங்கி, வேலையும் இல்லாமல், தெரிந்தவரும் இல்லாமல், தமிழ்ச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நிற்பவன். முதலில் இலை போட்டுவிட்டு அப்புறம்தான் பெயர் கேட்பார்களாம். ஆனால் ஒரு ஆள் மூன்று நாளைக்கு மேல் வெளியாள் வரிசையிலேயே இருந்தால் மேலாள் நோட்டில் விரலை வைத்துக் கேட்பாராம்: ‘இவனுக்கு என்ன வழி?’ ஒன்று, ஏதாவது கடையில் பெட்டியடியாகச் சேர்த்துவிடுவார்கள். இல்லை, ஆலையிலோ தோட்டத்திலோ சொல்லி அனுப்புவார்கள். அதுவும் ஆகவில்லை என்றால் நாலு கடை சேர்ந்து ஊருக்குக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்துவிடும். வெளியாள் வரிசையில் ஒருத்தனை அப்படியே விட்டுவைப்பது கிட்டங்கிக்கே அவமானம் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். நோட்டு இப்போது இல்லை. 1942 இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து நடந்து வந்தபோது எந்தக் காட்டில் விழுந்ததோ. கதை மட்டும் வந்து சேர்ந்தது.

நாற்பது வருஷமாக வெளியாள் வரிசையில் நிற்கிறவர்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்கள். நான் எழுத உட்கார்ந்தது அவர்களுக்காகத்தான்.

போன வருஷம் மே மாதம் ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ முடித்தவன், நல்ல மார்க். கல்லூரி விண்ணப்பம் போட வேண்டும். பெயர், பிறந்த தேதி, 2007, பிறந்த இடம் இதே மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி, தாய்மொழி தமிழ், எல்லாம் கடகடவென்று போனது. அப்புறம் நாட்டுரிமை என்று ஒரு கட்டம். அம்புக்குறியை அழுத்தினால் இரண்டே இரண்டு: ‘இந்தியர்’, ‘மற்றவர்’. பையன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். ‘மற்றவர்’ என்று அழுத்தினேன். உடனே கீழே இரண்டு புதுக் கட்டம் முளைத்தது, இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். பாஸ்போர்ட் எண். விசா எண். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

அவனிடம் பாஸ்போர்ட் இல்லை. விசா இல்லை. எந்த நாட்டின் பாஸ்போர்ட்டும் இல்லை, ஏனென்றால் அவன் எந்த நாட்டுக்கும் போனதில்லை, எந்த நாட்டிலிருந்தும் வந்ததும் இல்லை. அவன் அப்பா 1990 இல் ஏழு வயதில் அவருடைய அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி ராமேஸ்வரம் கரையில் இறங்கியவர். அவனிடம் இருந்தது முகாம் அடையாள அட்டை. ஓரம் கிழிந்து போயிருந்தது. நான்தான் போன தடவை லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன்.

முகாம் என்று மொட்டையாக எழுதிவிட்டேன். 2021 இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. உதவித்தொகையும் அப்போது கூடியது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். அதே வருஷம் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,000 பேருக்கு மேல், வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்கிறவர்கள் 34,000 பேர். பெயர் மாறியதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெயரை மாநிலம் மாற்றலாம், கட்டத்தை நீங்கள்தான் மாற்ற முடியும்.

சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன், தொழில் அப்படி. 1987 ஜூலை 1 க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் அவன் பிறப்பாலேயே இந்தியன், அப்பா அம்மா யாராக இருந்தாலும். அதற்குப் பிறகு பிறந்தவனுக்கு இருவரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 க்குப் பிறகு என்றால் ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆக, ஒரே முகாமில், ஒரே வரிசை வீட்டில், 1986 இல் பிறந்த அக்கா இந்தியர், 1988 இல் பிறந்த தம்பி இந்தியர் அல்ல. இதை நான் கடையில் ஒரு குடும்பத்துக்கு விளக்கிச் சொன்னபோது அந்தத் தம்பி சிரித்துவிட்டார். ‘ரெண்டு வருஷம் முந்திப் பொறந்திருக்கணும்ணே’ என்றார்.

2019 இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து 2014 டிசம்பர் 31 க்குள் வந்த குறிப்பிட்ட சில மதத்தாருக்கு வழி திறந்தீர்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மாநிலங்களவையில் 125 பேர் ஆதரவு, 105 பேர் எதிர்ப்பு. அந்த 125 இல் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதினால் மடல் வேறு பக்கம் போய்விடும்.

2025 செப்டம்பரில், மார்ச்சில் நீங்கள் விவாதித்த அந்தப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த கையோடு, ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 க்குள் வந்து அரசிடம் பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் புதுச் சட்டத்தின் தண்டனை இல்லை. நல்லது. மனசாரச் சொல்கிறேன், அது பெரிய ஆறுதல். பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்லும்போது, அந்தக் கத்தி அவர்கள் கழுத்தில் இல்லை என்று எழுத்தில் வந்தது. ஆனால் 2022 இல் இலங்கையில் விலைவாசி எகிறிப் பால்மாவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது படகில் வந்த சில நூறு பேர் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். தேதிக்கு உள்ளே இருப்பவருக்கும் என்ன கிடைத்தது? உன்னை ஜெயிலில் போடமாட்டோம் என்பது கிடைத்தது. நீ யார் என்பது கிடைக்கவில்லை. மேலாள் நோட்டில் விரலை வைத்துவிட்டு, ‘இவனை அடிக்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது. ‘இவனுக்கு என்ன வழி?’ என்று இன்னும் கேட்கவில்லை.

அந்நியர் அந்நியர் என்கிறோமே, அந்தப் பையனின் கதையை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பாருங்கள். அவன் கொள்ளுப்பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். ஆள் சேர்க்க வந்த கங்காணி பேச்சைக் கேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை மண்டபத்தில் நிறுத்தி, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் கடல் தாண்ட விடுவார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு இன்றைக்கும் மண்டபம் கேம்ப் என்றே பெயர். எண்பதுகளில் படகில் தப்பி வந்தவர்களையும் முதலில் கொண்டுபோய் வைத்தது அதே மண்டபத்தில். போகும்போதும் மண்டபம், வரும்போதும் மண்டபம். நடுவில் 1948 இல் சுதந்திர இலங்கை தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். போகிறாயா இருக்கிறாயா என்று கேட்டபோது இருக்கிறேன் என்று சொன்னவர்களில் எத்தனையோ பேரைப் பின்னால் கலவரம் துரத்தியது. முகாமில் உள்ளவர்களில் கணிசமானவர்கள் இந்த வகை.

அதே 1964 இல்தான் பர்மாவும். நே வின் ஆட்சி கடைகளை அரசுடைமை ஆக்கியது, 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தது. கழுத்தில் காதில் கிடந்ததைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுக் கப்பல் ஏறி வந்தார்கள். அன்றைய அரசு அவர்களிடம் விசா எண் கேட்கவில்லை. மனை கொடுத்தது, சிறுகடன் கொடுத்தது, சென்னையில் பர்மா பஜார் வந்தது, எங்கள் காரைக்குடியில் பர்மா காலனி வந்தது. இன்றைக்கு அந்தக் காலனிக்காரரை யாராவது அகதி என்றால் அடிக்க வருவார். மேலாள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு டெல்லி பதில் சொன்னது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது ஒருபக்கக் கணக்காகிவிடும். பர்மாக்காரனுக்குக் கோபம் சும்மா வரவில்லை. 1930 வாக்கில் கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் செட்டியார்கள் கையில். நெல் விலை விழுந்து, கடனுக்கு நிலம் நிலமாக வந்து சேர்ந்து, எட்டு வருஷத்துக்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. நிலத்தைப் பறிகொடுத்தவன் கண்ணுக்கு நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம்? அங்கே உள்ள அரசியல்வாதி மேடை ஏறி, பர்மா ஒன்றும் சத்திரம் அல்ல என்று சொல்லியிருந்தால் கைதட்டல் பறந்திருக்கும். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்து கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் எல்லாம் அந்தக் கோபத்தின் மறுபக்கம். அதனால் எல்லையே வேண்டாம், சட்டமே வேண்டாம் என்று பேச எனக்கு வாய் வராது. வந்து குவிகிறவர்களால் உள்ளூர்க்காரனுக்கு வலிக்கும் என்பதை எங்களைவிட யார் அறிவார்? 1920, 1939, 1946, 2000 என்று சிதறிக் கிடந்த நாலு சட்டங்களைத் தூக்கிவிட்டு இந்தப் புதுச் சட்டமாக ஒன்றாக்கியதிலும் எனக்குச் சண்டை இல்லை. வெள்ளைக்காரன் போர்க்காலத்தில் தைத்த சட்டையை எத்தனை நாள் போட்டுக்கொண்டிருப்பது?

ஆனால் ஒன்று. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. கையில் விலங்கு, காலில் சங்கிலி. மறுநாள் உங்களில் சிலர் நாடாளுமன்ற வளாகத்தில் கையில் விலங்கு மாட்டிக்கொண்டு நின்றீர்கள். வெளியுறவு அமைச்சர் மாநிலங்களவையில் விளக்கம் சொன்னார். எங்கள் கடையிலும் அன்றைக்கு அதே பேச்சுதான், ‘பொழைக்கப் போனவனை இப்படியா பண்றது’ என்று. அவர்களும் அந்த நாட்டுச் சட்டப்படி காகிதம் இல்லாமல் நுழைந்தவர்கள்தானே. ஏழு வாரம் கழித்து அதே வளாகத்தில் தர்மசாலா பேச்சு. பிப்ரவரியில் இருந்த அந்த நெஞ்சு மார்ச்சில் எங்கே போனது?

இந்தப் பக்கத்துப் பையன்கள் மலேசியாவில் ஹோட்டல் வேலைக்குப் போகிறார்கள். பத்தாவது பெயிலானவனுக்கு எமிக்ரேஷன் அனுமதி வேண்டும், ஏஜெண்ட் 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி. என் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டும், ரசீது இருக்காது. அனுமதிக்கு அலைவதைவிட டூரிஸ்ட் விசா சுலபம் என்று ஏஜெண்ட் சொல்வான். போய் ஒரு வருஷத்தில் பெர்மிட் இல்லாத ஆளாகிவிடுவான். 2024 இல் மலேசியா ஒரு வழி திறந்தது. 500 ரிங்கிட் அபராதம் கட்டு, ஊருக்குப் போ, ஜெயில் இல்லை என்று. ஒரு ஆச்சி மகனுக்காக அந்த அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துப் போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். நம் புதுச் சட்டத்தில் விசா முடிந்து தங்கினால் மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம். மலேசியா நம் பையனிடம் காட்டிய கணக்கைவிட நம் கணக்கு கடுசு. 1983 எமிக்ரேஷன் சட்டத்துக்குப் பதிலாக ஒரு வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டது. அது அவைக்கு வரும் நாளில் வெளியில் போய்விடாமல் உட்கார்ந்து பேசுங்கள், அது எங்கள் பையன்கள் கதை.

மற்றபடி நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. வந்து நாற்பது வருஷம் ஆனவர்கள், அரசே பெயர் எழுதி, கைரேகை எடுத்து, மாதாமாதம் தலையெண்ணிப் பணம் கொடுத்து வைத்திருக்கிறவர்கள், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள். நோட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள். திரும்பிப் போக விரும்புகிறவர் இருந்தால் மரியாதையாக அனுப்புங்கள், கிட்டங்கிக்காரர் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்த மாதிரி. இருக்கிறேன் என்கிறவருக்கு, 2019 இல் மூன்று நாட்டாருக்குச் செய்த அதே திருத்தத்தில் நாலாவதாக ஒரு பெயரைச் சேருங்கள். அதற்கு நாள் ஆகும் என்றால், அதுவரை கல்லூரிக்கும் வங்கிக்கும் செல்லுகிற மாதிரி ஒரு காகிதமாவது கொடுங்கள். தனி உறுப்பினர் மசோதா கொண்டுவர உங்களில் ஒருவருக்கு, அதற்கென்று அவையில் ஒதுக்கும் வெள்ளிக்கிழமைகளில் ஒன்று போதும்.

அந்தப் பையன் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு மணி நேரம் போராடினோம். கல்லூரிக்குப் போன் போட்டோம். நேரில் வரச் சொன்னார்கள், போனான். யாரோ ஒரு நல்ல மனுஷர் கையால் எழுதிய விண்ணப்பம் வாங்கிச் சேர்த்துக்கொண்டாராம். இப்போது இரண்டாம் ஆண்டு போகிறான். அவன் தங்கை இந்த மார்ச்சில் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். மே மாதம் வருவாள். அந்தக் கட்டத்தில் நான் எதை அழுத்துவது என்று அதற்குள் ஒரு வரி சொல்லி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்,
காரைக்குடி.